டிஸ்க் கேபிளும் பிரிண்டர் கேபிளும்

ஜூன் 26, வியாழன்

எனக்கு டைரி எழுதுகிற பழக்கம் கிடையாது. பைண்டிங்கில் அட்டை தலைகீழாக ஒட்டிப்போன டைரி ஒன்று கழிவில் கிடந்தது. வீணாகப் போகிறதே என்று எடுத்து வந்தேன். சிவகாசியில் இருந்துகொண்டு டைரியைக் காசு கொடுத்தா வாங்குவார்கள்?

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள். ஊரில் இருக்கிற எல்லா காலண்டர் கம்பெனியும் அன்றைக்குத்தான் பூஜை போட்டு, வருகிற வருஷத்து மாதிரி ஆல்பத்தை ஏஜெண்டுகளுக்குக் காட்டும். அன்றைக்கு ஆல்பம் இல்லாத கம்பெனிக்கு அந்த வருஷம் அவ்வளவுதான். எங்கள் தர்மராஜ் முதலாளிக்கு இப்போதே தூக்கம் போய்விட்டது.

எனக்குக் கவலை இல்லை. பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. மூன்று பி.சி., பக்கம் வடிவமைக்க ஒரு மேக். மேக் தெரிந்த ஆள் இந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். தினசரி காலண்டரின் முந்நூற்று அறுபத்தைந்து தாளும் மேக்கோடு மாட்டியிருக்கிற தனி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று ஒவ்வொன்றையும் டைப் அடித்துத் தாள் தாளாக வைத்தது சண்முகக்கனி. டைப், புரூப், திருத்தம் எல்லாம் சேர்த்து ஏழு மாத வேலை. நல்ல பெண், வேகமான கை. மத்தியானத்தில் மேக்கில் உட்கார அவளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். பின்பக்கத்தை மட்டும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 28, சனி

பூஜை வருகிறதென்று எங்கள் ரூமுக்கு வெள்ளையடித்தார்கள். நேற்றே எல்லா மெஷினையும் கழற்றி வராந்தாவில் வைத்து, இன்று மத்தியானம் திரும்ப மாட்டினேன். இடுப்பு ஒடிந்துவிட்டது.

இந்தக் கம்ப்யூட்டர் செய்கிறவர்களை ஒரு ரூமில் போட்டுப் பூட்ட வேண்டும். ஒரு கம்பெனிக்காரன் கீபோர்டுக்குப் பெரிய வட்டம் வைக்கிறான், இன்னொருவன் சின்ன வட்டம் வைக்கிறான். மானிட்டருக்கு இரண்டு பேரும் வைப்பது பதினைந்து ஊசிதான், பின் என்பார்கள். ஆனால் இவனுக்கு மூன்று வரிசை, அவனுக்கு இரண்டு வரிசை. சரி, பொருந்தாவிட்டால் போகட்டும், அதிலாவது தப்பு நடக்காது. இருபத்தைந்து பின் கனெக்டர்தான் வில்லங்கம். பி.சி.யில் அது பிரிண்டருக்கு. மேக்கில் அச்சு அசல் அதே கனெக்டர் டிஸ்க்குக்கு. மேல் வரிசை பதின்மூன்று, கீழ் வரிசை பன்னிரண்டு, ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. உள்ளே ஓடுகிற கரண்டு மட்டும் வேறு வேறு.

எனக்கு இதெல்லாம் கை மனப்பாடம். மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்ட பிறகும், பின்னால் கையை விட்டுத் தடவியே மாட்டிவிடுவேன். டார்ச் எல்லாம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு. எல்லோரையும் சாப்பிட அனுப்பிவிட்டு அரை மணியில் முடித்தேன். பிரிண்டர் மட்டும் முதலில் முரண்டு பிடித்தது. கேபிளைக் கழற்றி மாட்டியதும் அடித்தது. மற்றபடி எல்லாம் சரி. மேக்கை இன்று போடவில்லை, அவசியமும் இல்லை.

சாயந்தரம் கனி மட்டும் பி.சி.யில் புரூப் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தரைக்கே கிளம்பிவிட்டேன். தலைவலி.

ஜூன் 30, திங்கள்

டிஸ்க் வரவில்லை.

கனிதான் ஒன்பது மணிக்கு மேக்கைப் போட்டாள். திரையில் டிஸ்க்கின் படத்தையே காணோம். என்னைக் கூப்பிட்டாள். அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றிப் பார்த்தேன். டிஸ்க் உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்கிறது, மேக்குக்கு அது இருப்பதே தெரியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்நூற்று அறுபத்தைந்து தாள்!

முதலாளி வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. வேறு பிரதி எங்கே என்று கேட்டார். ஃப்ளாப்பியில் மார்ச் மாதத் தாள் வரைக்கும் இருக்கிறது என்றேன். வாராவாரம் பிரதி எடுப்பதாகப் போன வருஷம் அவரிடம் சொன்னது நான்தான். வேலை நெருக்கடியில் விட்டுப்போயிற்று. யாருக்குத்தான் விட்டுப்போகவில்லை?

அடுத்து அவர் கேட்டது, சனிக்கிழமை கடைசியாக இந்த ரூமில் இருந்தது யார் என்று. கனி தானாகவே, நான்தான் ஆறரை வரை புரூப் எடுத்தேன், மேக்கைத் தொடவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வரவில்லை. எட்டுத் தடவை முயற்சி செய்தேன்.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை எழுதவே மனசில்லை.

அடுத்த தெரு பிரஸ் மேனேஜர் குருசாமி, பத்து நாளைக்கு முன்னால் கனியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பேசினாராம். வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார், அவள் வரமாட்டேன் என்றிருக்கிறாள். இதைக் கட்டிங் பிரிவில் ஒருவன் முதலாளி காதில் போட்டுவிட்டான். முதலாளி அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் எங்கள் தாள்கள் அந்தப் பக்கம் போய்விட்டன, போகிற போக்கில் டிஸ்க்கையும் கெடுத்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார்.

எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு, அவள் பையைத் திறக்கச் சொன்னார். டிபன் பாக்ஸ், குடை, ஒரு மாத்திரை அட்டை, மூன்று ஃப்ளாப்பி. ஹாலில் கொண்டுவந்து வைத்திருந்த பி.சி.யில், எல்லோர் முன்னாலும் ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தார்கள். சும்மா வெற்று ஃப்ளாப்பி. இருந்தும் முதலாளி, இனி இந்தப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அதுவே பார்க்கச் சகிக்கவில்லை.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபோது நான் என்ன சொல்ல முடியும்?

ஜூலை 5, சனி

மார்ச்சுக்குப் பிறகுள்ள தாள்களைப் புரூப்பைப் பார்த்துத் திரும்ப அடிக்கிறோம். டைப்பிங்குக்கு நாலு பேரைப் போட்டிருக்கிறது. ஒருத்தர் வெள்ளிக்கிழமை ராகு காலத்தைச் செவ்வாய்க்கிழமையில் போட்டு வைத்திருக்கிறார். இது அச்சாகிப் போயிருந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் எங்களைச் சபித்திருப்பார்கள்.

மேக்கில் தாள் வைப்பது என் தலையில். கனி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தாள் வைப்பாள். எனக்கு நாலு தாண்டவில்லை. அவள் எழுத்துகளை நெருக்குவதற்கு ஏதோ சுருக்கு வழி வைத்திருந்தாள், அது எனக்குப் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த வருஷம் மேக்கை முழுக்க ஓட்டியது அவள்தான்.

ஜூலை 9, புதன்

டீக்கடையில் கேட்டேன். கனி மூன்று பிரஸ்ஸில் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். மூன்றிலும் விரட்டாத குறை. குருசாமியே வேண்டாம் என்றுவிட்டாராம். அவளை எடுத்தால் தாளைத் திருடியது உண்மை என்று ஆகிவிடும் இல்லையா? எனக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த, அச்சுத் தகடு செய்கிற ஒருவர் சொன்னார்: "தர்மராஜ் பிரஸ்ல வேலையக் கெடுத்துட்டுப் போன புள்ளைதான? அதை ஊருக்குள்ள எவன் சேப்பான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் பிரஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு என்ன தெரியும்? பேர் போய்விட்டது. பத்து வருஷம் உழைத்துச் சேர்த்த பேர்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

மதுரையிலிருந்து மேக் சர்வீஸ் ஆள் வந்தார். பேர் ஜோயல். இரண்டு வாரமாகத் தேதி கொடுத்துக் கொடுத்து ஏமாற்றியவர், இன்றைக்கு வந்து நாற்பது நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டார்.

டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதன் பெட்டிக்குள் அரிசி அளவில் ஒரு ஃபியூஸ். மேக்குக்குள்ளும் அதே மாதிரி ஒன்று. இரண்டும் எரிந்திருந்தன. மாற்றினார், போட்டார், டிஸ்க்கின் படம் திரையில் வந்து உட்கார்ந்தது. ஜனவரி ஒன்று முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை ஒரு தாள் குறையாமல் அப்படியே இருக்கிறது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். நான் பேயறைந்தவன் மாதிரி நின்றேன். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இது எப்படிப் போகும் என்று முதலாளி கேட்டார். ஜோயல் என்னைப் பார்க்காமல், ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"பிரிண்டர் கனெக்டர்ல டிஸ்க் கேபிளைச் சொருகினா போகும் சார். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். இங்க கரண்டு வர்ற பின், அங்க எர்த். போட்ட நிமிஷமே ஃபியூஸ் காலி."

"பாண்டி, யாருப்பா மாட்டினது?" என்றார் முதலாளி.

"நான் சரியாத்தான் அண்ணாச்சி மாட்டியிருந்தேன். நீங்களே வந்து பாத்தீங்கல்ல" என்றேன். அது பொய் இல்லை. திங்கட்கிழமை அவர் வந்து பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஜோயலும் முதலாளியும் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார்கள். பில் விஷயமாக இருக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

முதலாளி ஹாலில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். சனிக்கிழமை சாயந்தரம் கேபிளை மாற்றிச் சொருகிக் கெடுத்தது கனி என்று நிரூபணம் ஆகிவிட்டதாம். என்னிடம் வந்து, சாப்பிட்டாயா, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

வேலை. முதலாளி ஏப்ரல் தாள்களில் பண்டிகைக் குறிப்புகளைக் கூட்டச் சொன்னார், சேர்த்தால் எழுத்து வெளியே வழிகிறது. கனியின் சுருக்கு வழி தெரியாமல் ஒன்றும் ஆகாது.

ஜூலை 29, செவ்வாய்

அதே.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கனி வீட்டுக்குப் போனேன். ஏப்ரல் தாள் பற்றிச் சந்தேகம் கேட்கத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். மேக்கில் தாள் வைத்த கை. பக்கத்தில் பசைச் சட்டி. நான் நின்றதைப் பார்த்து, வாங்கண்ணே என்று பாயை நகர்த்திப் போட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் தாளைக் கேட்டேன். பசைக் கையோடேயே சொல்லிக்கொடுத்தாள். எந்தப் பட்டனை அழுத்தி எந்த எண்ணைப் போட வேண்டும் என்று ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். நான் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டேன். எழுந்தேன். அப்போதுதான் சொன்னாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் பாத்தேன்."

துண்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"சாப்பிட்டுட்டு புரூப் கட்டை எடுக்க வந்தேன். டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு, மேஜைக்குப் பின்னாடி குனிஞ்சு ரெண்டு கேபிளையும் பிடுங்கி மாத்தி மாட்டுனீங்க. மூஞ்செல்லாம் வேர்த்துக் கெடந்துச்சு. நான் சத்தம் காட்டாமப் போயிட்டேன்."

"நீ ஏம்மா முதலாளிகிட்ட சொல்லலை?"

"பழி விழுந்தவ அடுத்தவுக மேல போடுறாம்பாக. நீங்க சொல்வீகன்னு பாத்தேன். என் பையைத் தொறந்தப்ப, நீங்க தலையைக் குனிஞ்சு மவுஸைத் தொடைச்சுக்கிட்டு இருந்தீக."

கோபமே இல்லாமல் சொன்னாள். அடுத்த லேபிளை எடுத்து ஒட்டினாள்.

சரி, எழுதிவிடுகிறேன். ஜூன் 28 அன்று, பிரிண்டர் அடிக்காதபோதுதான் பார்த்தேன். தடவி மாட்டியதில் இரண்டும் இடம் மாறியிருந்தன. டிஸ்க் கேபிள் பி.சி.யில், பிரிண்டர் கேபிள் மேக்கில். எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுத்தாகிவிட்டது, மேக் உள்பட. அப்போதே திரையில் டிஸ்க்கைக் காணோம். அப்போதே தெரியும் எனக்கு. மாற்றி மாட்டிவிட்டு, திங்கட்கிழமை வந்துவிடும், வந்துவிடும் என்று ஞாயிறு முழுக்கச் சாமியிடம் கெஞ்சினேன். இந்த டைரியில்கூட நான் உண்மையை எழுதவில்லை. யாருக்குப் பயந்து எழுதவில்லை என்று தெரியவில்லை. இந்த நோட்டை என்னைத் தவிர ஒருவரும் படிக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு.

காலையில் பூஜைக்கு முன்னால் கேபினுக்குப் போனேன். முதலாளி புது வேட்டியில், ஆல்பத்தின் மேல் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கேபிளை மாற்றியது நான், கனி அந்தப் பக்கமே வரவில்லை, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்ப்பா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"மதுரைக்காரரு அன்னைக்கே சொல்லிட்டாரு. ரெண்டு ஃபியூசும் போகணும்னா ரெண்டு கேபிளும் மாறியிருக்கணும், மொத்தத்தையும் கழட்டி மாட்டின ஆள்தான் செஞ்சிருக்கணும்னு."

"தெரிஞ்சுமா அண்ணாச்சி அந்தப் புள்ளைதான்னு ஹால்ல சொன்னீங்க?"

"பின்ன? உன்னை அனுப்பிட்டு ஆடிப் பதினெட்டுக்கு என்னத்தைக் காட்ட? டைப் அடிக்க ஆள் கெடைக்கும். மேக்குக்கு ஆளுக்கு எங்க போறது? போ, போயி மூஞ்சியைக் கழுவிட்டு வா. ஏஜெண்ட் எல்லாம் வந்துட்டாக."

இப்படி ஒரு அதிர்ச்சியை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்த பாவத்தை, அவர் மூன்று வாரமாக எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். என்னைக் காப்பாற்றியதாக வேறு அவருக்கு நினைப்பு. இரண்டு பேரில் ஒருவரைத் தூக்கி எறிய வேண்டும், எது மலிவோ அதை எறிந்துவிட்டார்.

ரூம் சாவியை ஆல்பத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். முகம் கழுவவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டு தடவை ஆள் அனுப்பினார். போகவில்லை. ஆல்பம் ஏஜெண்டுகளுக்குப் பிடித்துவிட்டதாம். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் கடை வாடிக்கைக்குத் தக்கபடி தாளில் மாற்றம் கேட்கிறார்கள். மேக்கைத் தொட ஆள் இல்லை. மூன்றாவது தடவை அவரே வந்தார். வேலைக்கு வரமாட்டேன், மேக் வேலை முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் சண்முகக்கனிதான், அவள் வீட்டுக்குப் போங்கள் என்றேன்.

சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போயிருக்கிறார். கார் அந்தச் சந்துக்குள் நுழையாமல் நடந்தே போனாராம். கனி மூன்று விஷயம் கேட்டிருக்கிறாள். அன்றைக்குப் பையைத் திறந்தபோது இருந்த எல்லோரும் ஹாலில் இருக்க வேண்டும். அடுத்த தெரு குருசாமியையும் கூப்பிட வேண்டும், அவர் பேரும்தானே கெட்டது. நானும் வர வேண்டும்.

முதலாளி எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டார். வேறு என்ன செய்வார்?

ஆகஸ்ட் 6, புதன்

பத்து மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. குருசாமி வாசல் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கனி வந்தாள். அதே பை.

நான் முதலில் பேசினேன். வார்த்தை வராது என்று பயந்தேன், வந்தது. "டிஸ்க்கைக் கெடுத்தது நான். கேபிளைப் பார்க்காம மாட்டினேன். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தேன். கனி பையை நீங்க சோதனை போட்டப்ப நானும் இங்கதான் நின்னேன்." கட்டிங் பிரிவுக்காரன் கீழே பார்த்தான். ஒன்பது வருஷமாக என்னை அண்ணே அண்ணே என்று சுற்றியவர்கள், ஏதோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

அடுத்து முதலாளி. தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்னத் தவறு நடந்துபோச்சு என்று ஆரம்பித்தார். கனி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நிறுத்தி, திரும்ப ஆரம்பித்தார். சண்முகக்கனி மேல் ஒரு குற்றமும் இல்லை, அது ஜூலை பதினாலாம் தேதியே எனக்குத் தெரியும், தெரிந்தும் அவள் பேரைக் கெடுத்தேன் என்று சொன்னார். அவர் வாயில் அது வந்ததை என் காதால் கேட்டும் என்னால் நம்ப முடியவில்லை. யாரோ ஒரு பெண் விசும்புகிற சத்தம் கேட்டது. கனி இல்லை.

முதலாளி முகம் தெளிந்தது. ரூம் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தாம்மா. இனி மேக் ரூம் உன் பொறுப்பு. ஏஜெண்டுக மூணு நாளாக் காத்துக் கெடக்காக. உக்காரு."

கனி சாவியை வாங்கவில்லை.

"வேலைக்கு வர்றேன்னு நான் எங்க சொன்னேன்?" என்றாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. "நேத்து எல்லாத்துக்கும் சரின்னனே."

"நீங்க சரின்னீங்க. நான் கேட்டது என் பேரை. குடுத்துட்டீங்க."

திரும்பி, எல்லோரும் பார்க்க, குருசாமியிடம் கேட்டாள். "அண்ணாச்சி, இப்ப என்னைச் சேத்துக்கிட்டா உங்களுக்கு ஒண்ணும் வராதுல்ல?"

குருசாமி எங்கள் முதலாளியைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல வந்துரும்மா" என்றார். "இன்னைக்கே வர்றேன்" என்றாள் கனி.

முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வழி விடுங்கண்ணே" என்றாள். விட்டேன்.